தேதி இருக்கும் முனை

பத்து மாத்திரை உள்ள அட்டையில் காலாவதித் தேதி ஒரு முனையில்தான் இருக்கும். உலோகத் தாளில் அழுத்திப் பதித்த சில எண்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். மஹல்லா நகரில் நெசவாலைக்குப் பின்தெருவிலுள்ள பிஷாரா மருந்தகத்தில் அட்டையை முழுதாக வாங்குபவர்கள் குறைவு. மூன்று கேட்பார்கள், நான்கு கேட்பார்கள். கத்தரிக்கோல் ஒரு சணல் கயிற்றில் கட்டி மேசைக் காலிலிருந்து தொங்கியது. யாரும் எடுத்துப் போய்விடக் கூடாது என்பதற்காக அல்ல, தேடக் கூடாது என்பதற்காக.

இப்திஹால் அங்கே பயிற்சிக்கு வந்த கோடையில் தன்தா நகரக் கல்லூரியில் மருந்தியல் நான்காம் ஆண்டு முடித்திருந்தாள். பள்ளி இறுதித் தேர்வில் அரை சதவீதம் குறைந்ததால் பல் மருத்துவம் போய் மருந்தியல் வந்தது. அப்பா ஆலையில் தறி பழுது பார்ப்பவர். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரு அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அவளுக்கு அப்போது ஆஸ்பிரினைப் பற்றிக்கூட ஒழுங்காகத் தெரியாது.

கடைக்காரர் டாக்டர் வகீஹ் பிஷாரா. அறுபதை நெருங்கியவர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கண்ணாடி. முதல் நாள் அவளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து, குமிழுக்கும் குமிழுக்கும் நடுவில் எப்படி வெட்டுவது என்று காட்டினார்.

"தேதி இல்லாத பக்கத்துலேருந்து வெட்டணும். தேதி கடைசி வரைக்கும் கடையிலேயே நிக்கணும். அப்பத்தான் நமக்குத் தெரியும்."

"வாங்கிட்டுப் போறவங்களுக்கு?"

"அவங்க நம்மள நம்பறாங்க."

எல்லோரும் நம்பவில்லை. செவ்வாயும் சனியும் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் உம் ஃபாரிஸ், வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவாள். "மூணு குடு. தேதி இருக்கற முனையா குடு." அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ எப்போதோ, தேதி இருக்கும் முனைதான் புதுசு என்று சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து தெருவில் பாதிப் பேர் அந்த முனையைக் கேட்டார்கள். முதலில் வந்து கேட்டவருக்கு வகீஹ் மறுக்காமல் வெட்டிக் கொடுத்துவிடுவார். மிச்சம் ஏழு மாத்திரை எண்ணும் பெயரும் இல்லாமல் இழுப்பறையில் கிடக்கும். அதன் பிறகு வருகிறவர்களுக்கு அதுதான்.

"ஏன் முழு அட்டை வாங்கக் கூடாது ஹாஜா?" என்று இப்திஹால் ஒரு முறை அவளிடம் கேட்டாள். தெருவில் வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கையில மூணுக்குத்தான் இருக்கு. இருந்தாலும் வாங்க மாட்டேன். என் நாத்தனார் இருக்காளே, வீட்ல பத்து மாத்திரையப் பார்த்தா அவளுக்கும் தலை சுத்தும். மூணாவது நாள் அட்டை மட்டும்தான் இருக்கும்."

கல்லூரி மாணவர் சங்கம் ஜூலையில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தது. சுவரொட்டியில் 'தொழில் சார்ந்த ஆதரவு திரட்டலும் சுகாதாரக் கொள்கையும்' என்று போட்டிருந்தது. இருபது பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் அறையில் குளிர்சாதனம் வேலை செய்தது என்பதற்காக வந்தவர்கள். நடத்தியவள் ஷாஹினாஸ், உதவி விரிவுரையாளர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆளுக்கொரு தாள் கொடுத்து, நாட்டில் எதை மாற்ற வேண்டும் என்று எழுதச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மருத்துவ முறையைச் சீர்திருத்த வேண்டும். இன்னொண்ணு, மருத்துவ முறையை முழுமையாகச் சீர்திருத்த வேண்டும். இது பரவால்ல, மருந்தாளுநர்களுக்கு மரியாதை வேண்டும். யாரு தரணும்?"

"எல்லாரும்" என்றான் எழுதியவன்.

"எல்லாருக்கும் கடிதம் போட முடியாது. யார் கையெழுத்துப் போட்டா நடக்கும்? அந்த ஆள் பேர எழுது. அந்த ஆளுகிட்ட என்ன கேக்கற? ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் காலைல அவரால செய்ய முடிஞ்சதா இருக்கணும்."

இப்திஹாலின் தாளில் 'மாத்திரை அட்டைகளில் தேதி' என்று மூன்று சொற்கள் மட்டும் இருந்தன. ஷாஹினாஸ் அதைச் சத்தமாகப் படிக்காமல் தனியாக எடுத்து வைத்தாள்.

வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டாள். அட்டையை வெட்டி விற்பதைத் தடை செய்ய ஒரு வரைவு விதி தயாராகியிருந்தது. முழு அட்டைக்குக் குறைந்து விற்றால் கடை மீது நடவடிக்கை. செப்டம்பரில் கெய்ரோவில் ஒரு குழு அதன் மேல் கருத்துக் கேட்கிறது. மாணவர் தரப்பில் ஒருவருக்கு மூன்று நிமிடம் உண்டு.

"நீ தடைக்கு ஆதரவா எதிரா?"

"தடை வேண்டாம். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலயும் தேதி அச்சடிச்சுட்டா எங்க வெட்டினாலும் பிரச்சினை இல்ல."

"அவ்வளவுதான். அத ஒரு பக்கத்துல எழுது. ஆனா சான்று வேணும். உன் தெருல நடக்கறதுன்னு சொன்னா, எல்லார் தெருலயும் நடக்குதுன்னு சொல்லி டீ குடிக்கப் போயிடுவாங்க."

சான்றுக்காக இப்திஹால் பிஸ்கட் டப்பா ஒன்றை மேசை மீது வைத்து, காலி அட்டைத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரும்படி வருகிறவர்களிடம் சொன்னாள். பெண்கள் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார்கள். சிலர் முட்டை ஓட்டோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள்.

"குப்பைக்காரனுக்குப் போட்டியா டாக்டரம்மா?" என்றார் வகீஹ்.

ஆறு வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு துண்டுகள். நூற்று அறுபத்தொன்றில் தேதி இல்லை. அவள் எண்ணிக்கையைச் சொன்னபோது வகீஹ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மாட்டிக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து நீல அட்டை போட்ட பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஆய்வுக்கு வருபவர்கள் எழுதிவிட்டுப் போகும் ஏடு. அவள் அதைப் பார்த்திருக்கிறாள், திறந்ததில்லை.

"திற."

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தேதி, ஒரு கையெழுத்து, இரண்டு சொற்கள். 'குறை ஏதுமில்லை.' வேறு வேறு கையெழுத்து, வேறு வேறு மை. கடைசிப் பக்கம் வரைக்கும் அதே இரண்டு சொற்கள்.

"முப்பத்தோரு வருஷம்" என்றார் வகீஹ். "இந்த டவுன்ல வேற எந்தக் கடைலயும் இது இல்ல. நீ அந்த டப்பாவத் தூக்கிட்டுப் போ, என்ன வேணா பேசு. கடைப் பேர் உன் வாயிலேருந்து வரக் கூடாது."

"வராது."

"சத்தியமா?"

"சத்தியமா டாக்டர்."

"கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

அவர் ஏட்டை மூடி, புழுதி இல்லாத அட்டையைக் கையால் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

கெய்ரோவில் குழு கூடும் கட்டிடத்தின் வாசலில் காவலர் டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

"என்ன இது?"

"காலி அட்டை."

"எதுக்கு?"

"பேசறதுக்கு."

அவர் ஒரு துண்டை எடுத்து இருபுறமும் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"மருந்தாளுநர். இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

காவலர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரை கொண்ட துண்டொன்றை எடுத்தார். "முதுகு வலிக்கு வாங்கினது. எப்பன்னு ஞாபகம் இல்ல. போடலாமா பாருங்க."

அதில் தேதி இல்லை. போட வேண்டாம் என்றாள். அவர் நன்றி சொல்லி அதைத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார். பேச்சில் இதைச் சேர்க்கலாமா என்று படியேறும்போது யோசித்தாள். மூன்று நிமிடத்தில் இடமில்லை.

நீண்ட மேசை, பதினோரு பேர், ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர்ப் பாட்டில். பேச வந்தவர்கள் எழுதிக் கொடுத்த தாள்களைக் கீழே ஓர் அலுவலர் வாங்கிக்கொண்டிருந்தார். ஷாஹினாஸ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இப்திஹாலுக்கு முன்னால் மருந்து உற்பத்தியாளர் தரப்பில் ஒருவர் பேசினார். சாம்பல் நிறக் கோட்டு, நல்ல குரல். குமிழுக்குக் குமிழ் அச்சடிக்க இயந்திரத்தை மாற்ற வேண்டும், விலை ஏறும், ஏறினால் ஏழைகளுக்குத்தான் கஷ்டம் என்றார். ஏழைகள் என்று நான்கு தடவை சொன்னார்.

அவள் முறை வந்தபோது டப்பாவை மேசை மீது கவிழ்த்தாள். துண்டுகள் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு இடையில் சறுக்கிப் போயின. ஒரு சின்ன சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் எழுதி வைத்ததைச் சொன்னாள். தடை வந்தால் மூன்று மாத்திரை வாங்குகிறவர் முழு அட்டை வாங்கப்போவதில்லை, வாங்காமலே போவார். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் தேதி வேண்டும். அதுவரை வெட்டியதை உறையில் போட்டு, தேதியை எழுதித் தர அனுமதி வேண்டும். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. ஷாஹினாஸ் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதெல்லாம் எந்தக் கடைல வாங்கினது?"

"ஒரே தெரு மக்கள் கொண்டுவந்தது."

"அதக் கேக்கல. எந்தக் கடை?"

"சொல்ல முடியாதுங்க."

"ஏன்?"

அவள் தன் பக்கம் சறுக்கி வந்த ஒரு துண்டை எடுத்து டப்பாவில் போட்டாள்.

சாம்பல் கோட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்தபடி சொன்னார். "தேதி இல்லாத அட்டைக்குப் பேர் இல்லாத கடை சாட்சி." இந்த முறை சிரிப்பு பெரிதாக இருந்தது.

"உக்காரு மகளே" என்றார் தலைவர். கோபமாகச் சொல்லவில்லை. "அடுத்த தடவை வரும்போது யாரையாவது கூட்டிட்டு வா."

மேசைக்கு அடியில் விழுந்த துண்டுகளைப் பொறுக்க அவளுக்கு நேரம் பிடித்தது. அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் கால்களுக்கு நடுவில் குனிந்து பொறுக்கினாள்.

ரயிலில் ஷாஹினாஸ் தஅமிய்யா வடை வைத்த ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். "நல்லாத்தான் பேசின. பேரச் சொல்லியிருந்தா வேற மாதிரி போயிருக்கும்."

"சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

"சரி விடு. சொல்லலல்ல."

எண்ணெய் ஒழுகியதால் இப்திஹால் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ரொட்டியைச் சுற்றினாள். கீழே கொடுத்த பக்கத்தின் நகல் அது. கடைசி வரி வெளிப்பக்கம் தெரிந்தது. பெயர், கல்லூரி, ஆண்டு, பயிற்சி பெறும் இடம். மூன்றாம் ஆண்டிலிருந்து கல்லூரியில் எந்தத் தாளை எடுத்தாலும் கீழே அந்த நான்கும் இருக்கும். ஒன்று காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் கை தானாக நிரப்பியிருந்தது. பிஷாரா மருந்தகம், ஆலைப் பின்தெரு, மஹல்லா. தெளிவான கையெழுத்து.

ரொட்டியைத் தின்று முடித்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வகீஹிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. காலையில் கடை திறந்ததும், ஆள் வருவதற்கு முன்னால் சொன்னாள். அவர் ஷட்டரை முழுதாக ஏற்றாமல் பாதியில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நீ சொல்லல."

"இல்ல."

"எழுதிக் குடுத்திருக்க."

"ஆமா."

"முத்து முத்தான கையெழுத்து வேற உனக்கு." ஷட்டரை மேலே தள்ளினார்.

அன்றே இழுப்பறையைக் காலி செய்து எல்லாத் துண்டுகளையும் ஒரு பையில் கட்டினார். கத்தரிக்கோலின் சணலை அவிழ்த்தார். ஒரு அட்டைத் தாளில் 'முழு அட்டை மட்டும்' என்று எழுதி வாசலில் ஒட்டினார். தெருவில் யாரும் அதைப் படிக்கவில்லை, அதனால் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. இப்திஹால்தான் சொன்னாள்.

"அரசாங்க உத்தரவா?" என்றாள் உம் ஃபாரிஸ்.

"இன்னும் இல்ல."

"அப்புறம் என்ன?"

"வந்துடும்னு பயம்."

"யாருக்கு?"

இப்திஹால் உள்ளே பார்த்தாள். வகீஹ் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றார்.

"அவருக்கா? நான் கல்யாணமாகி வந்தப்பலேருந்து இந்த மனுஷனத் தெரியும். டாக்டர், நான் உன் கடைல மாத்திரை வாங்கறத யாரு பாக்கப் போறா?"

"முழு அட்டை எடுத்துக்க, உம் ஃபாரிஸ்."

"என்கிட்ட அதுக்கு இல்லன்னு உனக்குத் தெரியும்."

அவள் போய்விட்டாள். எதிரில் புதிதாக வந்த பெரிய கடையில் முன்பிருந்தே வெட்டித் தருவதில்லை. அங்கே கணினி முழு அட்டைக்குத்தான் பில் போட்டது.

பதினோரு நாள் கழித்து மகன் கையைப் பிடித்துக்கொண்டு உம் ஃபாரிஸ் வந்தாள். முகம் சிவந்து உப்பியிருந்தது. வகீஹ் நாற்காலி போட்டு, கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. இன்னொரு தடவை பார்த்தார். அதேதான்.

"மாத்திரை போட்டியா இல்லையா?"

"போட்டேன். தினமும் போட்டேன்."

"எங்க வாங்கின?"

"நாத்தனார் குடுத்தா. எத்தனையோ வருஷமா அவ என்னோடத எடுத்தா, இப்ப நான் அவளோடத எடுத்தேன். வெள்ளை, உருண்டை, நடுவுல கோடு. என்னோடதும் அப்படித்தானே."

மகன் சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தான். நான்கு குமிழ், மூன்று காலி. பின்னால் தாளில் ஒரு சொல்லின் வால் மட்டும் இருந்தது. இரண்டு எழுத்து, மூன்றாவது பாதி. வகீஹ் ஒரு கண்ணாடியில் பார்த்தார், பிறகு மற்றதில் பார்த்தார். இப்திஹால் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அந்த இரண்டு எழுத்தில் முடியும் பெயர்கள் கடையில் குறைந்தது எட்டு. வயிற்றுக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு.

வெட்டு நேராக இருந்தது. குமிழுக்கும் குமிழுக்கும் நடுவில், ஓரம் பிசிறில்லாமல். எந்தக் கத்தரிக்கோல் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். போனாள். மறுநாள் மாலை திரும்பி வந்தாள், மகனுக்குச் சம்பளம் வந்திருந்தது. முழு அட்டை ஒன்று வாங்கினாள். மூன்றை மட்டும் வெட்டச் சொல்லி எடுத்துக்கொண்டு மிச்சத்தை வகீஹ் பக்கம் தள்ளினாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். நான் வரப்ப மூணு மூணா குடு. முழு அட்டை வாங்கிட்டேன்ல, உன் அரசாங்கம் என்ன பண்ணும்?"

வகீஹ் ஒரு காகித உறை எடுத்து அதில் உம் ஃபாரிஸ் என்று எழுதி, மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி, இழுப்பறையில் வைத்தார். அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்ய, ஒரு வாரத்தில் அங்கே பதினேழு உறைகள் சேர்ந்தன.

இதற்கிடையில் ஷாஹினாஸ் கூப்பிட்டாள். குழு எழுத்து மூலமாக மறுபடி கருத்துக் கேட்கிறது என்றாள்.

"போன தடவை குடுத்தது?"

"அது யார் கைக்கும் போகல. கீழ வாங்கி ஒரு பெட்டில வெச்சிருந்தாங்க, பெட்டி அங்கயே இருக்கு. நானே பார்த்தேன், மேல ஒரு டீ தட்டு வெச்சிருந்தது. இப்ப மறுபடி குடுக்கணும். சான்று தர கடையோட முத்திரை வேணும். முத்திரை இல்லன்னா எடுத்துக்க மாட்டாங்களாம்."

இப்திஹால் இதில் பாதியை வகீஹிடம் சொன்னாள். யாரும் படிக்கவில்லை, பெயர் வெளியே போகவில்லை. அவர் ஒரு குழந்தைக்கு இருமல் மருந்து அளவு சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து, புட்டியில் கோடு போட்டு, தாயை அனுப்பினார்.

"படிக்கவே இல்லையா?"

"இல்ல."

"பெட்டில இருந்ததா?"

"ஆமா."

"அப்ப ஒரு மாசமா நான் எதுக்குப் பயந்துட்டு இருந்தேன்?"

அவர் சணலை எடுத்துக் கத்தரிக்கோலை மறுபடி மேசைக் காலில் கட்டினார். முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார். "இப்ப என்ன கேக்கறாங்க?"

"அதே பக்கம். கடை முத்திரையோட."

"எந்தக் கடைகிட்ட கேட்ட?"

"இன்னும் கேக்கல."

"கேட்டா யாரும் தர மாட்டாங்க."

"தெரியும்."

மதியம் ஃபூல் பயற்று மசியலும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். மாலை விளக்கு போட்ட பிறகு வகீஹ் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். கண்ணாடி மாற்றாமலே படித்தார்.

"தேதி மட்டும்தான் கேட்டிருக்க."

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்னு சொன்னாங்க."

"பேரையும் கேளு. மாத்திரைக்கு மாத்திரை பேரும் இருக்கணும். உம் ஃபாரிஸ் தேதி தாண்டின மாத்திரையால படுக்கல, பேர் தெரியாததால."

அவள் அந்த வரியைத் திருத்தி வேறு தாளில் எழுதினாள். நாத்தனார் என்று எழுதவில்லை. ஒரு வாடிக்கையாளர், பதினோரு நாள், மருந்து அடையாளம் காணப்படவில்லை என்று எழுதினாள். கீழே வழக்கமான நான்கு. கடைசிக்கு வந்தபோது பேனா நின்றது.

"எழுது" என்றார். "போன தடவை கேட்டா எழுதின?"

எழுதினாள். அவர் முத்திரையை எடுத்து மைத்தட்டில் அழுத்திப் பதித்தார். முதல் தடவை 'பிஷாரா' மட்டும் விழுந்தது. இரண்டாம் தடவை முழுதாக விழுந்தது. இப்போது தாளில் அந்தப் பெயர் மூன்று இடத்தில் இருந்தது.

அக்டோபர் முடிவில் அவளுடைய பயிற்சிக் காலம் முடிந்தது. பயிற்சி அட்டையில் வகீஹ் கையெழுத்துப் போட்டார், 'ஒழுங்கானவர்' என்று எழுதினார். அந்த இடத்தில் எல்லா மாணவருக்கும் அவர் எழுதுவது அதுதான். கல்லூரி திறந்த பிறகும் வியாழன்தோறும் வந்துகொண்டிருந்தாள். குழுவிலிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கருத்துகள் பெறப்பட்டன, பரிசீலனையில் உள்ளன, மாணவர் தரப்பு அறிக்கை ஒன்பதாவது இணைப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளது. வரைவு இன்றுவரை வரைவாகவே இருக்கிறது.

ஆய்வாளர் வந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். வழக்கமாக வருபவர் ஓய்வு பெற்றுவிட்டார், இது இளம் பெண், கறுப்புத் தலைமறைப்பு, தோளில் கணினிப் பை. கடையில் உம் ஃபாரிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வகீஹ் அவளுக்கு அழுத்தம் பார்த்து முடித்திருந்தார். ஆய்வாளர் அலமாரி, குளிர்பெட்டி, வெப்பமானி எல்லாம் பார்த்தாள். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளின் நகலை எடுத்து மேசையில் விரித்தாள். முத்திரை ஒன்றரை தடவை விழுந்திருந்தது.

"இது உங்க முத்திரையா டாக்டர்?"

"என்னோடதுதான்."

"இதுல எழுதியிருக்கறது இங்க நடந்ததா?"

"இங்கதான்."

"இப்பவும் நடக்குதா?"

வகீஹ் இழுப்பறையைத் தானே இழுத்துத் திறந்தார். உறைகள் நெட்டுக்குத்தாக அடுக்கியிருந்தன, முப்பதுக்கு மேல். ஆய்வாளர் ஒன்றை எடுத்துப் பிரித்து உள்ளே பார்த்தாள். தேதியில்லாத ஏழு மாத்திரை. உறை மேல் பெயரும் தேதியும் இப்திஹாலின் கையெழுத்தில்.

"இது யார் எழுதினது?"

"நான்" என்றாள் இப்திஹால்.

ஆய்வாளர் அவளையும் தாளையும் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். எதைச் சொன்னாள் என்று தெரியவில்லை. "நான் எழுதித்தான் ஆகணும் டாக்டர். பார்த்துட்டு எழுதாமப் போக முடியாது."

"எழுதுங்க."

நீல ஏட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் நின்றுகொண்டே எழுதினாள். உம் ஃபாரிஸ் பொறுத்துப் பார்த்தாள்.

"மகளே, சீக்கிரம் எழுது. இவரு எனக்கு மாத்திரை குடுக்கணும்."

"ஒரு நிமிஷம் அம்மா."

மூன்று வரி. வெட்டிய அட்டைகள் பெயரிட்ட உறைகளில் கடையில் வைக்கப்பட்டு, பகுதி பகுதியாக வழங்கப்படுகின்றன. முதல் எச்சரிக்கை. வகீஹ் இரண்டு முறை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். ஆய்வாளர் போன பிறகு ஏட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டவில்லை. மை காயட்டும் என்று திறந்தபடியே விட்டார்.

"என்ன எழுதினா?" என்றாள் உம் ஃபாரிஸ்.

"நீ வந்து மூணு மாத்திரை வாங்கறன்னு."

"என் பேரையுமா?"

"பேர் இல்ல."

"அப்ப சரி. குடு. தேதி இருக்கற முனையா குடு."

"உறை மேலதான் தேதி எழுதியிருக்கே ஹாஜா" என்றாள் இப்திஹால்.

"கையால எழுதினத யாரு வேணா எழுதலாம்."

வகீஹ் அவளுடைய உறையைத் தேடி எடுத்தார். இந்த வாரம் பிரித்த புது அட்டை, பத்தும் இருந்தன. கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, தேதி இருக்கும் முனையிலிருந்து மூன்றை வெட்டிக் கொடுத்தார். அவள் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு தலைத்துணியின் நுனியில் முடிந்துகொண்டாள்.

மிச்சம் ஏழை இப்திஹால் உறைக்குள் போட்டாள். மேலே எழுதியிருந்த தேதி சரியா என்று ஒரு தடவை பார்த்து, இழுப்பறையை மூடினாள்.